லூப் ஓடும்போதே பட்டியலிலிருந்து நீக்குதல்

பைத்தான் மொழியில் ‘ஃபார்’ லூப் ஒரு பட்டியலின் மீது ஓடும்போது அதன் கையில் இருப்பவை இரண்டே விவரங்கள்: எந்தப் பட்டியல், அடுத்து எத்தனையாவது இடம். உறுப்புகளின் நகல் எதுவும் அதனிடம் கிடையாது. எவற்றையெல்லாம் பார்த்து முடித்தாயிற்று என்ற குறிப்பும் கிடையாது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அந்த இட எண், பட்டியலின் அப்போதைய நீளத்தைவிடச் சிறியதா என்று பார்க்கிறது. சிறியதானால் அந்த இடத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு எண்ணை ஒன்று கூட்டிக்கொள்கிறது. இல்லாவிட்டால் வேலையை முடித்துக்கொள்கிறது.

பட்டியல் என்பது நினைவகத்தில் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து அமைந்த கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது உறுப்பு அன்று, அந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி. 64 பிட் கணினியில் ஒரு முகவரிக்கு 8 பைட். இந்தக் கட்டங்களுக்கு நடுவே ஓட்டை விழக்கூடாது. அதனால் ஓர் உறுப்பை நீக்கியதும் அதற்கு வலப்புறம் உள்ளவை எல்லாம் ஒரு கட்டம் இடப்புறம் நகர்கின்றன, நீளம் ஒன்று குறைகிறது. இந்த நகர்வை லூப்பிடம் யாரும் சொல்வதில்லை. ரேஷன் கடை வரிசையில் இரண்டாமவர் விலகியதும் பின்னால் நிற்பவர்கள் ஓரடி முன்னே வந்துவிட, அதைக் கவனிக்காத அலுவலர் ‘அடுத்தது மூன்றாவது இடம்’ என்று போனால் ஒருவர் விசாரிக்கப்படாமல் தப்பிவிடுவார். லூப்பிலும் நடப்பது அதுதான்.

நான்கு மதிப்பெண்கள் கொண்ட ஒரு பட்டியல்: [78, 31, 29, 64]. 35-க்குக் குறைந்தவற்றை நீக்க வேண்டும். லூப்புக்குள் ‘மதிப்பெண் 35-க்குக் குறைவு என்றால் பட்டியலிலிருந்து ரிமூவ் செய்’ என்று எழுதினால் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். இடங்கள் 0-இலிருந்து எண்ணப்படுகின்றன. இடம் 0-இல் 78, அது தங்குகிறது. இடம் 1-இல் 31, அது நீக்கப்படுகிறது. பட்டியல் [78, 29, 64] ஆகிறது. 29 இப்போது இடம் 1-க்கு வந்துவிட்டது, லூப்போ இடம் 2-க்குப் போய்விட்டது. அங்கே 64, தங்குகிறது. அடுத்த எண் 3, நீளமும் 3, லூப் முடிந்தது. 29 தேறிவிட்டது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

எல்லாமே நீக்கத்தக்கவையாக இருந்தால் விளைவு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். [12, 20, 31, 9] என்ற பட்டியலில் 12 போகும், 20 தப்பும், 31 போகும், 9 தப்பும். ஒன்று விட்டு ஒன்று மிஞ்சி [20, 9] என்று நிற்கும்.

இந்தப் பிழை நீண்ட காலம் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம், பல தருணங்களில் இது சரியான விடையையே தருகிறது. [31, 78, 29, 64] என்ற வரிசையில் அதே நிரலை ஓட்டினால், 31 நீங்கியதும் 78 தாண்டப்படுகிறது. இடம் 1-இல் 29 அகப்பட்டு நீங்குகிறது. மீந்தது [78, 64], அடுத்த எண் 2, லூப் முடிகிறது. விடை சரி. ஆனால் 78, 64 இரண்டையும் நிரல் சோதிக்கவே இல்லை. சோதித்திருந்தாலும் தங்கியிருக்கும் என்பது வெறும் தற்செயல். நீக்கத்தக்க இரண்டு உறுப்புகள் அருகருகே வராதவரை இந்தப் பிழை வெளியே தெரியாது. 1 முதல் 6 வரையான எண்களிலிருந்து இரட்டை எண்களை நீக்குவது போன்ற பாடப் பயிற்சிகளில் அவை ஒருபோதும் அருகருகே வருவதில்லை. தாண்டப்படுவது எப்போதும் ஓர் ஒற்றை எண்ணாகவே இருக்கும். ஆகவே இத்தகைய நிரலைச் சோதிக்கும் தரவில் நீக்கத்தக்கவை குறைந்தது இரண்டாவது தொடர்ந்து வர வேண்டும். எல்லாமே நீக்கத்தக்கதாக உள்ள பட்டியலும் ஒன்று இருப்பது நல்லது.

‘ரிமூவ்’ கட்டளையில் தனியாக இன்னொரு சிக்கல் உண்டு. அது தற்போதைய இடத்தில் உள்ளதை நீக்குவதில்லை. கொடுத்த மதிப்புக்குச் சமமான ஒன்றைத் தொடக்கத்திலிருந்து தேடி, முதலில் அகப்படுவதை நீக்குகிறது. [40, 31, 52, 31] என்ற பட்டியலில் இரண்டாம் முறை வரும் 31-ஐ மட்டும் களைய நினைத்து அதை ரிமூவ் செய்தால் போவது முதல் 31. மிஞ்சுவது [40, 52, 31]. வேண்டியிருந்தது [40, 31, 52]. சமம் என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் பொருளும் இங்கே குறுக்கே வரும். பைத்தானில் 1 என்ற எண்ணும் ‘ட்ரூ’ என்ற உண்மை மதிப்பும் சமம். ட்ரூ, 5, 1 என்ற வரிசையில் 1-ஐ நீக்கச் சொன்னால் நீங்குவது ட்ரூ. எந்த இடத்தில் உள்ளது போக வேண்டும் என்பது தெரிந்திருக்கும்போது மதிப்பைக் கொடுத்துத் தேடச் சொல்வதில் பொருளில்லை. இட எண்ணைக் கொடுத்து நீக்கும் ‘டெல்’ கட்டளையே பொருத்தம்.

அந்த எண்ணம் வந்ததும் பலர் ‘ரேஞ்ச்’ பக்கம் போகிறார்கள். 0 முதல் பட்டியலின் நீளத்தைவிட ஒன்று குறைவு வரை எண்களை உண்டாக்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் அந்த இடத்தைச் சோதித்து, வேண்டாததை டெல் செய்வது. இங்கே நீளம் லூப் தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான் அளக்கப்படுகிறது. முதல் எடுத்துக்காட்டில் 31 நீங்கிய பிறகு பட்டியலில் மூன்றே உறுப்புகள். ரேஞ்ச் இடம் 3-ஐயும் கேட்கும். ‘இண்டெக்ஸ் எரர்’ என்று நிரல் நின்றுவிடும். 29 தாண்டப்பட்ட பழைய குறையும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் இரண்டில் இதுவே மேல். விழுந்து நிற்கும் நிரலை யாராவது திருத்துவார்கள். அமைதியாகத் தப்பு விடை தரும் நிரலை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

லூப் ஏன் இட எண்ணை நம்பி இயங்குகிறது என்பதற்கு மொழியின் வரலாற்றில் விடை உண்டு. கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தானின் தொடக்கப் பதிப்புகளில் ஃபார் லூப் செய்தது மிக எளிமையான வேலை: 0-ஆவது உறுப்பைக் கேள், 1-ஆவதைக் கேள், உறுப்புகள் தீரும்வரை கேட்டுக்கொண்டே போ. 2001-இல் வந்த 2.2 பதிப்பில் ‘இட்டரேட்டர்’ என்ற தனி ஏற்பாடு சேர்ந்தது. கோப்பு, அகராதி, வேறு எந்தத் தொகுப்பானாலும் தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாக வழங்க அது வழி செய்தது. பட்டியலுக்கு எழுதப்பட்ட இட்டரேட்டர் மட்டும் பழைய நடத்தையை மாற்றாமல் எண்ணிக்கொண்டே போகும் முறையையே தொடர்ந்தது. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. லூப் ஓடும்போது பட்டியலின் கடைசியில் சேர்க்கப்படும் உறுப்புகளையும் அது சென்று பார்க்கும். ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது கிடைக்கும் புதிய பக்கங்களை அதே பட்டியலின் வாலில் சேர்த்துக்கொண்டே போகும் தேடல் நிரல்கள் இதை நம்பித் தெரிந்தே எழுதப்படுகின்றன. நிறுத்தும் நிபந்தனை இல்லாமல் சேர்த்தால் லூப் முடியவே முடியாது என்பது அதன் மறுபக்கம்.

இனிப் பாதுகாப்பான வழிகள். ஒரே ஓர் உறுப்பை மட்டும் தேடி நீக்க வேண்டுமென்றால் எந்தத் தந்திரமும் தேவையில்லை. நீக்கிய அடுத்த வரியிலேயே ‘பிரேக்’ போட்டு வெளியேறினால் போதும். அடுத்த சுற்று இல்லாததால் தவறிய எண்ணும் இல்லை.

பலவற்றை நீக்குவதற்கு நிரலாளர்கள் முதலில் கைவைப்பது நகல் முறை. லூப் பட்டியலின் நகல் மீது ஓடும். நீக்கம் மூலப் பட்டியலில் நடக்கும். முழுத் துண்டாக வெட்டி எடுத்தும் நகல் செய்யலாம், ‘லிஸ்ட்’ என்று அழைத்தும் செய்யலாம், 3.3 பதிப்பிலிருந்து பட்டியலுக்கே உள்ள ‘காப்பி’ கட்டளையாலும் செய்யலாம். நகலாகின்றவை முகவரிகள் மட்டுமே என்பதால் ஒரு லட்சம் உறுப்புகளுக்கும் நினைவகச் செலவு ஏறத்தாழ 8 லட்சம் பைட்தான். நகல் அசையாது, ஆகவே எதுவும் தாண்டப்படாது. ரிமூவின் ‘முதலில் அகப்படுவது’ குறை மட்டும் இதிலும் தொடர்கிறது.

இரண்டாவது வழி பின்னாலிருந்து வருவது. கடைசி இட எண்ணில் தொடங்கி 0 வரை இறங்கிக்கொண்டே, வேண்டாத இடத்தை டெல் செய்வது. நீக்கத்தால் இடம் மாறுகிறவை எப்போதும் வலப்புறம் உள்ளவை. அவை ஏற்கெனவே பார்க்கப்பட்டவை. இனிப் பார்க்க வேண்டிய இடப்புறத்தில் ஒன்றும் அசைவதில்லை. [78, 31, 29, 64]-இல் 64 தங்கும், இடம் 2-இல் 29 போகும், இடம் 1-இல் 31 போகும், 78 தங்கும். ‘வைல்’ லூப்பில் இட எண்ணை நிரலே வைத்துக்கொண்டு, நீக்கினால் எண்ணை அப்படியே விட்டு, நீக்காவிட்டால் மட்டும் ஒன்று கூட்டுவதும் இதே பலனைத் தரும். முன்னிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்கும்போது அது பயன்படும்; மற்றபடி எழுதுவதில் தவறிழைக்க வாய்ப்பு அதிகம்.

மேலே சொன்னவை எல்லாம் சரியான விடை தருபவை. ஆனால் பெரிய பட்டியலில் எல்லாமே மெதுவானவை. ஒவ்வொரு நீக்கத்துக்கும் வலப்புறக் கட்டங்கள் நகர வேண்டும். ஒரு லட்சம் உறுப்புகள் கொண்ட பட்டியலை முன்னிருந்து ஒவ்வொன்றாகக் காலி செய்தால் மொத்தம் ஏறத்தாழ 500 கோடி முகவரி நகர்த்தல்கள். பத்தாயிரம் உறுப்புகளுக்கு அது 5 கோடி. அளவு பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகிறது. ரிமூவில் இதோடு தேடலும் சேரும்: முன்பகுதியில் கிடைத்தால் நகர்த்தல் அதிகம், பின்பகுதியில் கிடைத்தால் தேடல் அதிகம், எப்படியும் ஒரு நீக்கத்துக்குப் பட்டியல் முழுவதையும் ஒருமுறை தொட்டாக வேண்டும். கடைசி உறுப்பை எடுக்கும் ‘பாப்’ மட்டுமே நகர்த்தல் இல்லாமல் முடிகிறது. பின்னாலிருந்து எல்லாவற்றையும் நீக்குவது வேகமாக இருப்பதற்கும் காரணம் அதுதான். பாதியைத் தங்கவைத்தால் அந்த வேகம் போய்விடும்.

கேள்வியைத் திருப்பிப் போட்டால் இந்தச் செலவு மறைகிறது. எதை நீக்குவது என்று கேட்பதற்குப் பதில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டு, வைத்துக்கொள்ள வேண்டியவற்றை மட்டும் எடுத்துப் புதிய பட்டியல் கட்டுவது. 2000-இல் வந்த 2.0 பதிப்பு முதல் பைத்தானில் உள்ள ‘லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்’ இதை ஒரே வரியில் செய்கிறது: இந்தப் பட்டியலில் 35-உம் அதற்கு மேலும் உள்ள மதிப்பெண்கள் எல்லாம் என்று எழுதினால் அதுவே விடை. ஒவ்வோர் உறுப்பும் ஒரே முறை சோதிக்கப்படுகிறது. நகர்த்தல் என்ற பேச்சே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலை யாரும் தொடுவதும் இல்லை. பழகிய நிரலாளர்கள் வேறு காரணம் இல்லாதவரை இதைத்தான் எழுதுவார்கள். ‘ஃபில்டர்’ கட்டளையும் இதே வேலையைச் செய்யும். 3-ஆம் பதிப்பில் அது பட்டியலைத் திருப்பித் தருவதில்லை, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வழங்கும் ஏற்பாட்டையே தருகிறது. பட்டியலாக வேண்டுமென்றால் லிஸ்ட் என்று சுற்ற வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பைத்தானில் மாறி என்பது பொருளின் மீது ஒட்டிய பெயர். ஒரே பட்டியலுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். ஒரு செயற்கூற்றுக்குப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அதற்குள் புதிய பட்டியல் கட்டி அதே பெயருக்கு ஒதுக்கினால், உள்ளே இருக்கும் பெயர் மட்டுமே புதிய பட்டியலுக்கு மாறுகிறது. வெளியே அழைத்தவரிடம் உள்ள பட்டியலில் ஒரு மாற்றமும் இல்லை. மூலப் பட்டியலே மாற வேண்டுமானால், பெயருக்கு ஒதுக்காமல் பட்டியலின் முழுத் துண்டுக்கு ஒதுக்க வேண்டும். அதாவது பெயரை அடுத்துச் சதுர அடைப்புக்குள் ஒரு முக்காற்புள்ளி இட்டு, அதற்குச் சமக்குறி. அப்போது பழைய பட்டியல் அதே இடத்தில் இருக்க, உள்ளடக்கம் மட்டும் மாறும். எல்லாப் பெயர்களுக்கும் அது தெரியும். வலப்புறம் முழுவதும் தயாரான பிறகே ஒதுக்கீடு நடப்பதால், சோதனையின் நடுவே ஏதேனும் பிழை எழுந்தாலும் மூலப் பட்டியல் கெடாமல் இருக்கும். நகல் முறையிலும் பின்னோக்கிய முறையிலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பாதி நீங்கிய நிலையில் பட்டியல் நின்றுபோகும்.

புதிய பட்டியலுக்கு நினைவகம் இல்லை என்னும் அளவுக்குப் பெரிய தரவில், எழுதும் இடம், படிக்கும் இடம் என இரண்டு எண்களை வைத்து அதே பட்டியலுக்குள்ளேயே சுருக்கலாம். படிக்கும் எண் எல்லா இடத்துக்கும் போகும். தங்க வேண்டிய உறுப்பு வந்தால் மட்டும் அதை எழுதும் இடத்தில் வைத்து எழுதும் எண்ணைக் கூட்ட வேண்டும். [78, 31, 29, 64]-இல் 78 இடம் 0-இலேயே எழுதப்படும், 31-உம் 29-உம் விடப்படும், 64 இடம் 1-இல் எழுதப்படும். பட்டியல் இப்போது [78, 64, 29, 64]. எழுதும் எண் 2. அங்கிருந்து வால் முழுவதையும் ஒரே டெல்லில் வெட்டினால் [78, 64]. லூப்புக்குள் பட்டியல் மாறுகிறதே என்று தோன்றலாம். மாறுவது உள்ளடக்கம், நீளம் அன்று. எழுதும் எண் படிக்கும் எண்ணை ஒருபோதும் முந்துவதும் இல்லை. சி++ மொழியில் இதே உத்தி ‘ரிமூவ்’, ‘இரேஸ்’ என்ற இரண்டு படிகளாக நெடுங்காலம் புழங்கி, 2020-ஆம் ஆண்டுத் தரநிலையில் ஒரே கட்டளையாகியது.

பட்டியல் அமைதியாகப் பொறுத்துக்கொள்வதை மற்றத் தொகுப்புகள் பொறுப்பதில்லை. அகராதியின் மீது லூப் ஓடும்போது ஒரு சாவியை நீக்கினால், அடுத்த சுற்றிலேயே ‘ரன்டைம் எரர்’ எழும். கணத்திலும் அப்படியே, இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் உதவும் ‘டெக்’ என்ற தொகுப்பிலும் அப்படியே. அகராதியின் உள்ளே இருப்பது ஹாஷ் அட்டவணை. அளவு மாறும்போது அது முழுவதையும் புதிய இடங்களில் அடுக்கிக்கொள்ள நேரலாம். ‘அடுத்த இடம்’ என்பதற்கு அதன்பின் பொருளே இல்லை. சாவிகளை முதலில் லிஸ்ட் என்று சுற்றி எடுத்துக்கொண்டு அதன் மீது லூப் ஓட்டுவது இதற்குத் தீர்வு. 2-ஆம் பதிப்பில் ‘கீஸ்’ கட்டளையே தனிப் பட்டியலைத் தந்ததால் இந்தத் தேவை எழவில்லை. 3-ஆம் பதிப்பில் அது அகராதியை நேரே பார்க்கும் சாளரமாக மாறியதால், பழைய நிரல்களை மாற்றி எழுதியவர்கள் இந்தப் பிழையை அடிக்கடி சந்தித்தார்கள். பட்டியலும் ஒரு தருணத்தில் கறார் காட்டும்: வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போது பைத்தானின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தான் அதைத் தற்காலிகமாக வெறுமையாகக் காட்டி, நடுவே யாராவது மாற்றியதைக் கண்டுபிடித்தால் ‘வேல்யூ எரர்’ எழுப்புகிறது.

ஜாவா மொழி ‘அர்ரே லிஸ்ட்’ விஷயத்தில் வேறு முடிவு எடுத்தது. உறுப்பைச் சேர்க்கும் அல்லது நீக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கணக்கு எண்ணைக் கூட்டி, லூப்பின் இட்டரேட்டர் தொடங்கிய எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் பிழை எழுப்புகிறது. அந்தக் காவலிலும் சந்து உண்டு: கடைசிக்கு முந்தைய உறுப்பை நீக்கினால் நீளமும் இட எண்ணும் சமமாகிவிடுவதால், லூப் முடிந்துவிட்டதாகவே எண்ணி வெளியேறும். கடைசி உறுப்பு சோதிக்கப்படாது, பிழையும் எழாது.

இத்தனையும் தெரிந்தவர்களிடமும் பிழை நுழையும் இடம், நீக்கும் வரி லூப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத இடம். ஒரு நிகழ்வு நடந்ததும் தெரிவிக்க வேண்டிய செயற்கூறுகள் ஒரு பட்டியலில் பதிவாகி இருக்கும். லூப் ஒவ்வொன்றையும் அழைக்கும். அழைக்கப்பட்ட ஒன்று ‘எனக்கு இனி வேண்டாம்’ என்று தன் பதிவைத் தானே நீக்கிக்கொண்டால், அடுத்து இருப்பதற்குச் செய்தி போகாது. லூப் ஒரு கோப்பில், நீக்கம் இன்னொரு கோப்பில். படித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். இங்கே நீக்குகிறவர் யார், எப்போது என்பது லூப்பின் கையில் இல்லாததால் காம்ப்ரிஹென்ஷன் உதவாது. நகலின் மீது ஓடுவதே வழி. அதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். முதலாவது செயற்கூறு மூன்றாவதன் பதிவை நீக்கிவிட்டால், நகலில் அது இன்னும் இருப்பதால் அந்தச் சுற்றில் மட்டும் அழைக்கப்படும். அது கூடாதென்றால், ஒவ்வொன்றையும் அழைக்கும் முன் அது மூலப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.